காலைக்கு வைத்த மிச்சம்

மார்ச் 4, திங்கள்

பிரிசில்லா மேடம் தொலைபேசியில் கேட்டார்: "எத்தனை படம் முடிஞ்சிருக்கு சார்?"

பதினைந்து என்றேன். தாளில் இருப்பது மூன்று. மற்ற பன்னிரண்டும் என் தலைக்குள் முழுமையாக இருக்கின்றன, இறக்கிவைக்க வேண்டியதுதான் பாக்கி.

கோவை ஏரிப் பறவைகளைப் பற்றி அவருடைய இயற்கை அறக்கட்டளை கொண்டுவரும் புத்தகம். நாற்பது பறவைகள், நாற்பது நீர்வண்ணப் படங்கள். ஏப்ரல் 30 கடைசி நாள். அட்டையில் 'ஓவியங்கள்: ஞானசேகரன்' என்று வரும். ஐம்பத்திரண்டு வயதில் என் பெயர் தனியாக வரப்போகும் முதல் அட்டை. பிந்தினால் வேலை சபேசனிடம் போய்விடும். அவன் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தானாம். மேடம் அதை மென்மையாகத்தான் சொன்னார்.

சபேசன் யார் என்பதை எழுதிவைக்கிறேன், பிற்பாடு நானே அவனை மன்னித்துவிடாமல் இருப்பதற்காக. நான் பத்தொன்பது வருடம் ஓவியம் கற்பித்த கல்லூரியில் எனக்கு ஆறு வருடம் இளையவன். நான் எழுதிய பாடத்திட்டத்தைத் தன் பெயரில் கொடுத்துத் துறைத் தலைவர் ஆனான். பாராட்டுக் கூட்டத்தில் எனக்கு எதிரிலேயே தலையை ஆட்டி ஆட்டி வாழ்த்துகளை வாங்கிக்கொண்டான். மறுநாள் ராஜினாமா செய்தேன். எட்டு மாதமாகிறது. இப்போது நான் யாருக்கும் கீழே இல்லை.

இன்று வரையவில்லை. வெயில் அதிகம்.

மார்ச் 6, புதன்

என் வேலை அறையைப் பற்றி. கணபதிப் பகுதியில், குப்புராஜின் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல் மாடி. ஒரு பெரிய மேசை, வடக்குப் பார்த்த ஜன்னல். அறையை இரண்டு பேர் பங்கு போட்டிருக்கிறோம். காலை ஆறிலிருந்து பன்னிரண்டரை வரை கோகிலவாணி என்ற பெண்மணி. ஒன்றிலிருந்து ஏழு வரை நான். இதுவரை மாடிப்படியில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட சார்ட், சிறுவர் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை என்று கிடைத்ததையெல்லாம் வரைகிறவள். தபாலில் படித்த ஏதோ டிப்ளமோ. நான் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவன்.

மேசையில் அவள் வேலை கிடந்தது. ஒரு வெள்ளாடு சந்தைக்குப் போகிற குழந்தைகள் புத்தகமாம். ஆட்டுக்கு மூன்று கால்தான் இருந்தது. நாலாவது காலைப் போடாமல் தூரிகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு கால் போட எத்தனை நிமிடம் ஆகும்? மணி ஆனதும் எழுந்து போய்விடும் ஆள்.

மார்ச் 11, திங்கள்

ஆட்டுக்குக் கால் வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று குறையாகவே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு குடை, பாதிக் கம்பிகளோடு. நேற்று ஒரு டவுன் பஸ், நாலு ஜன்னல் வரைந்து மூன்றை விட்டிருந்தாள். மாணவனாக இருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டின் வயிறு நன்றாக இருக்கிறது. கோடே இல்லாமல் வெறும் ஈர வண்ணத்தில், மூச்சு வாங்குகிற வயிறு. தற்செயலாக அமைந்திருக்கலாம்.

ஜன்னலோரச் சுவரில் ஒரு நீளக் காகிதம் ஒட்டியிருக்கிறாள். வேறெதுவும் இல்லை, நேரம் மட்டும். 6.00 – 12.30. 6.05 – 12.30. 6.00 – 12.30. ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு. ஒரே ஒரு நாள் 6.00 – 9.15, பக்கத்தில் 'பல் டாக்டர்' என்று இருக்கிறது. கீழேயே, அன்று விட்ட மணிகளை மறுநாள் விடியலில் ஈடுகட்டிய கணக்கு. இவளை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

மார்ச் 14, வியாழன்

கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தபோது மேசைக்கு அடியில் நோட்டுகள் அடுக்கியிருப்பதைக் கண்டேன். பிறர் பொருளைத் தொடும் வழக்கம் எனக்கில்லை. அவை சரிந்துவிடும்போல் இருந்ததால் எடுத்தேன்.

எல்லாப் பக்கங்களிலும் செருப்பு. கழற்றிவிட்ட செருப்பு, தினம் ஒன்று, கீழே தேதி. ஐந்து வருடத்துக்கு இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் வாசலில் கிடப்பதை அப்படியே வரைந்திருக்கிறாள். முதல் நோட்டில் செருப்பு வெறும் செருப்பு. இரண்டாவதில் வார் எங்கே இழுபடுகிறது என்று தெரிகிறது. கடைசி நோட்டில் குதிகால் பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளத்தில் அந்த மனுஷியின் எடையே தெரிகிறது. இப்படிப் பத்து மாணவர்களை என்னால் உருவாக்க முடிந்திருந்தால் அந்தக் கல்லூரி என்னை விட்டிருக்காது.

முதல் இரண்டு நோட்டுகளிலும் அவளுடையதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆண் செருப்பும் இருக்கிறது. 2021 ஜூனில் இரண்டு நாள் தேதி இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஒரு ஜோடிதான். அன்றைய படத்தில் கோடு கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது. மற்றபடி குறையில்லை.

மார்ச் 19, செவ்வாய்

தாள் சரியில்லை. கடைக்காரன் வேறு தயாரிப்பைத் தந்து ஏமாற்றிவிட்டான். கீழிருந்து வார்னிஷ் நெடி வேறு.

வத்சலா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "எட்டு மாசமாக் கட்டிக் குடுக்கறேன், டப்பா மட்டும் காலியாயிட்டே வருது," என்றாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவள் இப்படிப் பேசியதில்லை. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மார்ச் 20, புதன்

இன்று மேசையில் ஒரு வளையல் கடை. கம்பியில் கோத்த வளையல்கள், பதினோரு வரிசை. ஆறு வரிசையை முடித்து ஐந்தை விட்டுப் போயிருக்கிறாள். பக்கத்திலேயே வண்ணங்கள் குழைத்தபடி, ஈரத்துணி போட்டு மூடி.

முடித்துக் கொடுத்தேன். தெரிந்தவன் உதவினால் தவறில்லை. கண்ணாடி வளையலில் வெளிச்சம் எங்கே நிற்கும் என்பது வகுப்பில் நான் நடத்திய பாடம். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. டீ குடிக்க மறந்திருந்தேன்.

நாளை பார்த்து ஆச்சரியப்படுவாள்.

மார்ச் 21, வியாழன்

ஒரு மணிக்குப் போனபோது அவள் இன்னும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெற்றுத் தாள்.

"இத முடிச்சது நீங்கதானுங்களா சார்?"

"ஆமாம். நன்றியெல்லாம் வேண்டாம்."

"நன்றியா!" என்று எழுந்தாள். "காலைல ஆறு மணிக்கு வந்து உக்காந்தனுங்க. இன்னும் ஒரு கோடு போடல. உங்களை யாருங்க கேட்டா?"

"பாதியில் விட்டிருந்தீர்கள்."

"விட்டுட்டுப் போகலீங்க. வெச்சுட்டுப் போனேன்." மேசையைத் தட்டினாள். "காலைல வந்ததும் யோசிச்சா நான் வீட்டுக்கே திரும்பிப் போயிருவனுங்க. அதுக்குத்தான் கை தானாப் போற வேலையாப் பாத்து மிச்சம் வெக்கறது. அஞ்சு வரிச வளையல் போட்டா அந்த சூட்டுலயே அடுத்த பக்கத்துக்குள்ள எறங்கிருவேன். அடுத்த பக்கம் என்ன தெரியுங்களா? சந்தக் கூட்டம். நூத்தம்பது மூஞ்சி. அதப் பாத்தாலே எனக்கு எந்திரிச்சு ஓடிரலாம்னு இருக்குது. நீங்க என்ற காலையவே எடுத்துட்டீங்க."

நான் கும்பகோணத்தில் படித்ததையும் பத்தொன்பது வருட அனுபவத்தையும் எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க. இப்ப ஒரு நாளைக்கு எத்தன வரையறீங்க?" என்றாள்.

பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினேன்.

"நான் சொல்லட்டுங்களா? உங்க தண்ணிக் கிண்ணம் நீங்க வந்த நாள்லேர்ந்து காஞ்சே கெடக்குது. டீ குடிக்கறீங்க, பேப்பர் படிக்கறீங்க, பென்சில் சீவறீங்க. அத்தன அழகாச் சீவறீங்க. அந்தத் தூளத் தெனமும் நாந்தானுங்க கூட்டறேன்."

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கீழே குப்புராஜ் என்னவோ கேட்டதும் இவள் "ஒண்ணுமில்லீங்ண்ணா" என்றதும் கேட்டன.

மார்ச் 22, வெள்ளி

சுவர்க் காகிதத்தில்: 6.00 – 7.10.

மார்ச் 23, சனி

6.00 – 6.40. தாள் வெற்றாகவே இருக்கிறது. குப்புராஜ் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைய இப்பிடி நான் பாத்ததே இல்லீங் சார். புருசன் போன மூணாம் நாளு வேலைக்கு வந்தவ," என்றார். டீ ஆறிப்போனது.

மார்ச் 24, ஞாயிறு

6.00 – 6.15.

மார்ச் 25, திங்கள்

இது மன்னிப்பு அல்ல. எடுத்ததைத் திருப்பி வைப்பது வேறு, மன்னிப்பு வேறு.

வளையலை அழிக்க முடியாது. ஆகவே நாமக்கோழியை வரைந்தேன். கரிய உடல், வெள்ளை அலகு, சிவப்புக் கண், எல்லாம் என் வேலை. சுற்றியுள்ள கோரைப்புல்லை மட்டும் பென்சிலில் குறித்துவிட்டு விட்டேன். மூன்று பச்சைகளைக் குழைத்து ஈரத்துணி போட்டேன். ஒரு சீட்டும் வைத்தேன்: 'காலையில் கை ஓடுவதற்கு.'

கோரை விட்டுவைக்க வேண்டுமானால் கோழியை முடித்தாக வேண்டும். அதற்குத்தான் ஏழு மணி வரை ஆனது.

முப்பத்தாறு பாக்கி. இன்றைக் கழித்தால் நாளும் முப்பத்தாறு.

மார்ச் 26, செவ்வாய்

6.00 – 12.30!

கோரை முடிந்திருந்தது. நான் குறித்த பென்சில் கோட்டைக் கோகிலவாணி மதிக்கவே இல்லை. அடியில் தண்ணீரை விட்டு, மேலே தூரிகையை ஒரே வீச்சாக இழுத்து, நுனியில் அழுத்தத்தை எடுத்திருக்கிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. என் கோழி இதுவரை தாளில் இருந்தது, இப்போது ஏரியில் இருக்கிறது. பக்கத்துத் தாளில் சந்தைக் கூட்டம் தொடங்கியிருந்தது. இருபத்திரண்டு முகம். எண்ணினேன்.

என் சீட்டின் பின்புறம்: 'கோழி நல்லாருக்குங்க. கண்ணுதான் கொஞ்சம் கோவமா இருக்குது.'

முக்குளிப்பான் வரைந்தேன். நீர் வளையங்களை விட்டுவைத்தேன்.

மார்ச் 27

நெடுங்கால் உள்ளான். கரைச் சேறு அவருக்கு.

மார்ச் 28

நத்தைகுத்தி நாரை. அலகு இரண்டு முறை தவறியது. மூன்றாவது சரி.

மார்ச் 29

புள்ளிமூக்கு வாத்து.

ஏப்ரல் 3, புதன்

தெரிந்துகொண்டது: எதை விட்டுவைப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் கடினம். சுலபமாக இருக்க வேண்டும், ஆனால் சலிப்பாக இருக்கக் கூடாது. செம்மூக்கு ஆள்காட்டிக்குக் கூழாங்கற்களை விட்டுவைத்தேன். சீட்டில் 'கல்லு போரடிக்குதுங்க' என்று எழுதியிருந்தார். நியாயம்தான். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் கல்தான் கொடுப்பேன், ஒரு பருவம் முழுக்க. எத்தனை பேர் ஓடினார்கள்!

ஏப்ரல் 9, செவ்வாய்

பத்தொன்பது ஆயிற்று. மேடம் அழைத்தபோது பத்தொன்பது என்றேன். "ஒரு மாசத்துல நாலுதானா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 13, சனி

காய்ச்சல். போகவில்லை. அவர் காலைக்கு என்ன செய்வார் என்ற நினைப்பிலேயே படுத்திருந்தேன். வத்சலா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வேலைக்குப் போக முடியலைன்னு ஒருத்தர் பொலம்பறத இந்த வீட்டுல இன்னிக்குத்தான் கேக்கறேன்," என்றாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

இரண்டு வரைந்தேன். ஒன்று நேற்றையது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப்பதிவு. அவர் வாக்குச்சாவடியில் நின்றுவிட்டுத் தாமதமாக வந்ததால் மதியமும் இருந்தார். மேசையின் முனைக்கு ஒருவராக உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் ஒரு சொல் இல்லை. குப்புராஜ் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங், ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்க, மேல சத்தமே இல்ல? அன்னிக்கு மாதிரி ஒரு சண்டையப் போடுங்க, எனக்கும் பொழுது போகோணுமில்ல."

"உங்க மிக்ஸி மோட்டாரு ஓடுதான்னு போயிப் பாருங்ண்ணா," என்றார் இவர், தலை தூக்காமல்.

பிறகு நான் கேட்டேன், "வரையப் பிடிக்காத நாளே உங்களுக்கு வராதா?"

"தெனமும் வருதுங்க."

"அப்புறம்?"

"என்ற மனசு மத்தியானத்துக்கு மேலதானுங்க எந்திரிக்கும். அது எந்திரிச்சு வேணும் வேணாம்னு சொல்றதுக்குள்ள நான் வேலைய முடிச்சுட்டுப் போயிருவேன்." சிரித்தார். மை வைத்த விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அடுத்த முகத்தில் இறங்கினார். அந்தக் கூட்டத்தில் இரண்டு முகம் ஒன்றுபோல் இல்லை. குப்புராஜ் இருக்கிறார், வெங்காய மூட்டையில் உட்கார்ந்தபடி. பென்சில் சீவிக்கொண்டு ஒரு கண்ணாடிக்காரனும் இருக்கிறான். யார் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

முப்பத்தொன்பது.

ஏப்ரல் 30, செவ்வாய்

நாற்பதாவது இராக்கொக்கு. வழக்கத்தை மாற்றிக் காலையிலேயே போய் மேசையின் என் பக்கத்தில் வரைந்தேன். தண்ணீரின் நிழலை அவர் பன்னிரண்டு மணிக்குப் போட்டுக் கொடுத்தார். மூன்று மணிக்கு அறக்கட்டளை அலுவலகம்.

பிரிசில்லா மேடம் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "பறவை எல்லாம் ரொம்ப கரெக்டா இருக்கு சார். ஆனா இந்தக் கோரை! இந்தத் தண்ணி! இதுதான் சார் உயிரே. எத்தனை மணிக்குப் போய் ஏரியில உக்காந்தீங்க?"

"ஆறு மணிக்கெல்லாம்," என்றேன்.

இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் கோரையைத்தான் சொன்னார்கள். நான் தலையசைத்தேன்.

புத்தகம் சபேசனிடம் போகாது.

மே 1, புதன்

விடுமுறை. சபேசனைப் பற்றி விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மே 2, வியாழன்

பன்னிரண்டரைக்குப் படியில் காத்திருந்து கோகிலவாணியிடம் சொன்னேன். எல்லாவற்றையும், ஆறு மணி என்றது வரை.

"தலைய ஆட்டுனீங்களாக்கும்?"

"ஆட்டினேன்."

"எத்தன தடவ?"

"மூன்று பேர் சொன்னார்கள். மூன்று தடவை."

அட்டையில் அவர் பெயரும் வர வேண்டும், மேடத்திடம் சொல்லப்போகிறேன் என்றேன். மகிழ்வார் என்று நினைத்தேன்.

"வேண்டாங்க," என்றார். "பேரு வந்தா ஆளு வரும். காலைல ஆறு மணிக்கு போன் அடிக்கும். என்ற மாமியாரு எந்திரிக்கறதுக்கு முன்னாடி கெளம்பி வந்து, யாரும் கூப்புடாத ஒரு ஆறரை மணி நேரத்தச் சேத்து வெச்சிருக்கேன். அது ஒண்ணுதானுங்க எனக்குன்னு இருக்குது. ஒரு வாட்டி நீங்க எடுத்தீங்க, பட்டது போதும்."

அப்படியும் மேடத்தை அழைத்துச் சொன்னேன். "ஒப்பந்தம் உங்க ஒருத்தர் பேர்ல சார். கமிட்டியிலதான் கேக்கணும்," என்றார். குரலில் 'சார்' முன்போல் இல்லை.

மே 6, திங்கள்

கமிட்டி முடிவு வந்தது. இரண்டு பெயரும் வருவதானால் படங்களை ஏற்பார்கள். அதற்கு அந்த அம்மாவின் கையெழுத்துடன் ஒப்புதல் கடிதம் நாளை மாலைக்குள் வேண்டும். இல்லையென்றால் இன்னொருவர் வரைந்த படங்களை என் பெயரில் அச்சிட முடியாது. சபேசன் புதிதாக வரைந்து தரத் தயாராம்.

சரியான முடிவு. நான் கமிட்டியில் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அவரிடம் சொன்னேன், கடிதத்தையும் காட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்றனுங்க." கெஞ்ச வாய் வரை வந்தது. கெஞ்சவில்லை. முப்பத்தேழு படத்தையும் அவருடைய காலைகளில்தானே முடித்தேன்; இன்னும் என்ன கேட்பது?

மே 7, செவ்வாய்

விடிந்ததும் புறப்பட்டுவிட்டேன். மாடி ஏறியபோது ஆறேகால். கதவு திறந்திருந்தது. அவர் திரும்பவில்லை.

"உக்காருங்க," என்றார்.

ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கடிதம் மடியில் இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

முதலில் ஒரு பலூன்காரனின் மிச்சமிருந்த பலூன்களைப் போட்டார். பதினைந்து நிமிடம். அந்த ஈரம் காய்வதற்குள் புதுத் தாளை இழுத்து ஒரு மரத்தைத் தொடங்கினார். ஏழரைக்கு அது கெட்டது. உதட்டைக்கூடச் சுழிக்கவில்லை. கிழித்தார், அடுத்ததை எடுத்தார். எட்டரைக்கு அதுவும் கெட்டது. மூன்றாவது மரத்தின் அடிமரம் ஒன்பதே காலுக்கு நின்றது. பத்து மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்து, ஜன்னலில் நின்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கீழே குப்புராஜின் கடையில் யாரோ கத்தினார்கள். இலைகள் விழத் தொடங்கின, ஒவ்வொன்றும் தூரிகையின் ஒரு தொடுகை, ஒன்றைக்கூட அவசரப்படுத்தவில்லை. ஓவியம் கற்பித்த பத்தொன்பது வருடத்தில் ஒருவர் வேலை செய்வதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன். எப்போது பதினொன்று ஆனது, எப்போது பன்னிரண்டு ஆனது என்று தெரியவில்லை. நடுவில் கடிதம் என் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. எடுக்கவில்லை, நாற்காலி சத்தமிடும்.

பன்னிரண்டரைக்கு, ஒரு கிளையில் இலை பாதி இருக்கும்போது, தூரிகையைக் கழுவிக் கவிழ்த்தார். சுவர்க் காகிதத்தில் நேரத்தை எழுதினார். வந்து, தரையில் கிடந்த கடிதத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"ஆறேகால் மணி நேரம் பேசாம இருந்துட்டீங்க."

"ஆமாம்."

"அந்த மேடத்துகிட்டச் சொல்லிருங்க. பேரப் போடட்டும், போன் நம்பர் மட்டும் போடக் கூடாது." என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவரே எடுத்தார். "எங்கீங்க போடோணும்?"

இடத்தைக் காட்டினேன்.